மூன்று ஷிப்ட் ஊரில் நலமாக வாழ்வது எப்படி?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று ஏறக்குறைய எல்லாப் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதியிருக்கும். அதற்குப் பின்னால் வரும் அறிவுரைகளும் எல்லோருக்கும் மனப்பாடம். அதிகாலையில் எழு. நேரத்துக்குச் சாப்பிடு. மாலையில் நட. இரவு பத்து மணிக்குள் படு. வார இதழ்களின் இலவச இணைப்பு முதல் ஆஸ்பத்திரி வராண்டாவில் தொங்கும் போர்டு வரை இதேதான்.

ஆனால் பாருங்கள், இந்த அறிவுரையை எழுதியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை யோசிக்கவே இல்லை. படிப்பவர் பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் தூங்குபவர் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். ஊரே படுக்கப் போகும் நேரத்தில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர் "பத்து மணிக்குள் படு" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

நெய்வேலியில் இது வேடிக்கைக் கேள்வி அல்ல. இங்கே இரண்டு பேர் சந்தித்தால் "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு அடுத்த கேள்வி "இந்த வாரம் எந்த ஷிப்ட்?" என்பதுதான்.

நெய்வேலி ஏன் தூங்குவதில்லை?

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-இல் சுரங்க வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கைக்கு வந்தது. 1962-இல் சோவியத் ஒத்துழைப்போடு கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமான சாலையும் மரமும் வைத்து, குவார்ட்டர்ஸ் கட்டி, டவுன்ஷிப் எழும்பியது.

இந்தச் சரித்திரம் பலருக்குத் தெரியும். இந்த வேலையை இரவில் நிறுத்தி வைக்க முடியாது என்பதற்கான காரணம்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

முதல் காரணம் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. ராட்சத பம்புகள் அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். இரண்டாவது காரணம் நிலக்கரியேதான். பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம். குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. அதனால் வெட்ட வெட்ட கன்வேயர் பெல்ட்டில் அனுப்பிப் பக்கத்திலேயே எரித்துவிடுவது நல்லது. மூன்றாவது பாய்லர். அதைச் சுவிட்ச் போல நினைத்தபோது அணைத்து நினைத்தபோது போட முடியாது. சூடேற்றிக் கொண்டுவரவே மணிக்கணக்கில் ஆகும்.

ஆகவே 'பக்கெட் வீல்' என்று ஊரில் சொல்லப்படும் இயந்திரம் நள்ளிரவிலும் மண்ணை வாரிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுபவர் விழித்திருக்கிறார். தமிழ்நாட்டில் எங்கோ ஒரு வீட்டில் மின்விசிறி சுழல, அதன் கீழே ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால், இங்கே இன்னொருவர் தூங்காமல் இருக்கிறார் என்று அர்த்தம்.

பக்கத்து ஊரில் எழுதப்பட்ட தினசரி ஒழுங்கு

ஆரோக்கியப் பழக்கம் என்றதும் வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேட வேண்டியதில்லை. நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் வடலூரிலேயே ஒரு முழு அட்டவணை கிடைக்கிறது. வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823 – 1874) தம்மைப் பின்பற்றியவர்களுக்கு 'நித்திய கரும விதி' என்ற பெயரில் அன்றாடம் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். 1867-இல் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் அநேகம். ஆனால் நித்திய கரும விதியைப் படித்தவர்கள் குறைவு.

அதில் இருப்பவை எல்லாம் சாதாரண விஷயங்கள்தான். சூரியன் உதிக்கும் முன் எழுந்திருக்க வேண்டும். பல் துலக்குவது எப்படி, எண்ணெய் முழுக்கு எப்போது, கரிசலாங்கண்ணியை எப்படிச் சேர்ப்பது என்றெல்லாம் வருகிறது. பசித்த பிறகு அளவாகச் சாப்பிட வேண்டும். கொதிக்க வைத்த நீரைக் குடிக்க வேண்டும். காய்களில் முருங்கை, கத்தரி, தூதுளை போன்றவற்றுக்கு நல்ல இடம். கிழங்குகளில் கருணைக்கிழங்குக்கு மட்டும் அனுமதி. மாலையில் சற்று உலாவ வேண்டும். படுக்கும்போது இடது பக்கமாகப் படுக்க வேண்டும். எப்போதும் பயந்துகொண்டே இருக்கக் கூடாது என்றும் சொல்கிறார். சாப்பாட்டையும் மனப் பயத்தையும் ஒரே பட்டியலில் வைத்தது கவனிக்கத்தக்கது.

இன்றைய மருத்துவம் இவற்றில் சிலவற்றை ஒப்புக்கொள்ளும். சிலவற்றுக்கு ஆதாரம் கேட்கும். அது இருக்கட்டும். நெய்வேலிக்காரர் ஒருவர் இந்த விதியைப் படித்துக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் கட்டாயம் நின்றுவிடுவார். பகலில் தூங்கவே கூடாது என்று அதில் இருக்கிறது! தேரையர் பெயரில் வழங்கும் 'நோயணுகா விதி' பாடலும் பகல் தூக்கத்தை விலக்கச் சொல்கிறது. வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்வார்கள்: "பகல்ல தூங்குறவன் வீடு உருப்படாது."

அப்படியானால் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் எப்போது தூங்குவது?

இந்த விதிகள் வந்த காலத்தில் மின்விளக்கு கிடையாது. சூரியன் மறைந்தால் வேலை முடிந்தது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவன் மறுபடி பகலிலும் படுத்தால் அது சோம்பல்தான். அந்த விதி அவனுக்குச் சொல்லப்பட்டது. இரவெல்லாம் கண்விழித்து வந்தவரிடம் அதே விதியைக் காட்டி "பகலில் என்ன தூக்கம்?" என்று கேட்பது, விதியை வைத்துக்கொண்டு அதன் காரணத்தைத் தொலைப்பது ஆகும். பழைய விதிகளின் அடியில் ஓடும் கருத்து ஒன்றுதான்: உடம்புக்கு ஓர் ஒழுங்கான நேரம் வேண்டும். அதை மூன்று ஷிப்ட் ஊரில் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

தொட்டாற்சிணுங்கிச் செடி பகலில் இலையை விரிக்கும், இரவில் மூடிக்கொள்ளும். 1729-இல் டி மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்தச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாதபோதும் அது நேரத்துக்கு இலையைத் திறந்து மூடியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் தொடங்கியது. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனித உடம்பிலும் இதே கதைதான். எப்போது தூக்கம் வரும், எப்போது உடல் சூடு குறையும், சாப்பிட்ட சர்க்கரையை எந்த நேரத்தில் நன்றாகச் செரிக்கும் என்பதை எல்லாம் உள்ளே ஓடும் கடிகாரம் முடிவு செய்கிறது. அதைச் சரிபார்த்துத் திருப்பி வைப்பது முக்கியமாக வெளிச்சம். ஷிப்ட் மாறும்போது சுவர்க் கடிகாரத்துக்குப் பிரச்சினை இல்லை. உள் கடிகாரம் மட்டும் சட்டென்று மாறாது. அது நகர்ந்து வருவதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது.

இதன் விளைவு சிறியது அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இரவு ஷிப்ட் வேலையை 2007-இல் "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது" என்ற பட்டியலில் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. உடனே பயந்துவிட வேண்டாம். ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் 2015 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் "பழகிப் போச்சு, ஒண்ணும் ஆகாது" என்று தள்ளிவிடக் கூடிய விஷயம் இல்லை என்பது தெளிவு.

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மதிப்பு குறைகிறது. அதற்கு ஆண்டுதோறும் கணக்கில் ஒதுக்க வேண்டும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962 முதல் 2020 செப்டம்பர் வரை ஓடியது. 58 வருடம்! அது சும்மா ஓடிவிடவில்லை. ஒவ்வொரு யூனிட்டையும் முறை வைத்து நிறுத்தி, பிரித்து, ஓவராயிலிங் பார்த்துத்தான் ஓட்டினார்கள். அந்த யூனிட்டை ஓட்டிய மனிதருக்கு உள்ள ஒரே ஓவராயிலிங் தூக்கம். அதைக் குறைத்துவிட்டு "லாபம்" என்று எழுதினால் கணக்கு ஒருநாள் உதைக்கும்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் செய்யக் கூடியவை

1. *போகும் முன் ஒரு குட்டித் தூக்கம்.* காலை 7 மணிக்கு எழுந்து, பகல் முழுக்க வேலை பார்த்து, அப்படியே இரவு ஷிப்டுக்குப் போகிறவர் நள்ளிரவில் 17 மணி நேரம் விழித்திருப்பார். ஆஸ்திரேலியாவில் நடந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண், மூளை ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்து போனது. இந்தியச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லையே 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் குடித்தவரைப் போல ஆவது இதுதான். மாலையில் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்தால் நிலைமை நிறைய மாறும்.

2. *வீடு திரும்பும் வழி.* ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் பைக்கில் வருவதுதான் முழு நாளிலும் ஆபத்தான நேரம். கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டி, பதினைந்து இருபது நிமிடம் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. கூட வேலை பார்ப்பவர் ஓட்டுவாரென்றால் பின்னால் உட்கார்ந்து வரலாம். அவரும் அதே ஷிப்ட் என்றால் இரண்டு பேரும் பஸ்ஸில் வருவதே மேல்.

3. *கடைசி டீ எப்போது?* டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் பாதி அளவுக்குக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஷிப்டின் முதல் பாதியில் குடிக்கும் டீ வேலைக்கு உதவும். முடிகிற நேரத்தில் குடிக்கும் டீ தூக்கத்தைக் கெடுக்கும். ஷிப்ட் முடிந்ததும் பெட்டிக்கடையில் நின்று ஒரு டீ, கூட ஒரு சிகரெட் என்பது பலருக்குப் பழக்கம். சிகரெட்டில் உள்ள நிகோடினும் தூக்கத்தை விரட்டும் சரக்குதான். நுரையீரலுக்கு அது செய்வது தனிக் கதை.

4. *அறையை இருட்டாக்குவது.* பகலில் தூங்குபவருக்கு முதல் எதிரி ஜன்னல். கெட்டியான திரை, அது இல்லையென்றால் பழைய கறுப்புப் போர்வை போதும். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். தூக்கம் வரவில்லை என்று குடிப்பவர்கள் உண்டு. மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும். பின்பாதித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்குவதும் வேண்டாம்.

5. *நள்ளிரவில் பெரிய சாப்பாடு வேண்டாம்.* 2021-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 19 பேரை ஆய்வகத்தில் இரவு வேலை போன்ற நிலையில் வைத்துப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் நடைமுறைக்கு ஒரு வழி கிடைக்கிறது. கிளம்பும் முன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இடையில் பசித்தால் சுண்டல், மோர், ஒரு பழம் என்று முடித்துக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

6. *வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது.* சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் வலிக்காமல் வளரும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும் மதிப்பிட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த இரண்டையும் வீட்டு வாசலுக்கே வந்து பார்ப்பதற்காகத்தான்.

வீட்டுக்குள் நடக்கும் இன்னொரு ஷிப்ட்

ஷிப்ட் என்றால் வேலைக்குப் போகிறவரை மட்டுமே எல்லோரும் நினைக்கிறார்கள். அவருக்கு முதல் ஷிப்ட் என்றால் வீட்டு அம்மா அதற்கு முன்பே எழுந்து சோறு கட்டுகிறார். இரண்டாம் ஷிப்ட் என்றால் இரவு அவர் வந்து சாப்பிடும் வரை விழித்திருக்கிறார். இரவு ஷிப்ட் என்றால் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அதே நேரத்தில் அவருக்கும் டிபன் கொடுத்து, பிறகு அவர் தூங்கும் வரை மிக்ஸி போடாமல் சமைக்கிறார். ஷிப்ட் மாறும்போதெல்லாம் இவருடைய தூக்கமும் மாறுகிறது. அவருக்கு வார விடுமுறை உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். சம்பளச் சீட்டில் வராத உழைப்பு இது.

ஆகவே ஷிப்ட் வீட்டில் நல்ல பழக்கம் என்பது ஒருவர் மட்டும் பழகினால் போதாது. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் முந்தின இரவே டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கலாம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருபவர் தானே சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டால், இன்னொருவர் நேரத்தோடு படுக்கலாம். காலேஜ் போகும் பிள்ளைகள் இஸ்திரி, கடை, பால் என்று சிலவற்றை ஏற்றுக்கொள்ளலாம். இவையும் ஆரோக்கியப் பழக்கங்கள்தான். வாரப் பத்திரிகைப் பட்டியலில் இவை வருவதில்லை, அவ்வளவுதான்.

நடை: இருக்கும் சாலையைப் பயன்படுத்துவது

1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களை விட, படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கும் நடந்து பார்க்கும் வேலைக்கும் இதயத்தில் வித்தியாசம் தெரியும் என்று காட்டிய முதல் பெரிய ஆராய்ச்சிகளில் இது ஒன்று.

சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் முன்பு கையால் செய்த எத்தனையோ வேலைகள் இன்று கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நடக்கின்றன. வெளியே வந்தால் சைக்கிள் போய் பைக் வந்துவிட்டது. அடுத்த வட்டத்துக் கடையில் கொத்தமல்லி வாங்கக்கூட ஸ்கூட்டிதான். மரநிழல் சாலைக்காகச் சென்னைக்காரர் ஏங்குகிறார். டவுன்ஷிப்பில் அது வாசலிலேயே இருக்கிறது, நடக்கத்தான் ஆளில்லை!

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நாளொன்றுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் கீழ் எல்லையைத் தொட்டாயிற்று. "பத்தாயிரம் அடி" என்று செல்போன் காட்டும் இலக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்த எண் அது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 72 வயதுப் பெண்களில் நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. சாப்பிட்டவுடன் சாயாமல் வாசலில் சில நிமிடம் மெல்ல நடந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. வள்ளலார் சொன்ன உலாவல் இன்றும் செல்லும்.

ரிட்டயர் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவருக்குத் திடீரென்று எந்த ஷிப்டும் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெளியே வீடு கட்டிப் போன பிறகு நடக்கவும் துணை இல்லை, பேசவும் ஆள் இல்லை. காலையில் நாலு பேர் சேர்ந்து நடப்பது காலுக்கு மட்டுமல்ல, மனசுக்கும் மருந்து.

தட்டில் என்ன இருக்கிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தட்டில் சோறு மலையாகவும் காய் ஊறுகாயைப் போலவும் இருப்பதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடக்கம். அதே நிறுவனம் காய்கறியும் பழமுமாக ஒரு நாளைக்கு 400 கிராம் சொல்கிறது. கொல்லையில் முருங்கை நிற்கிற வீட்டில் கீரைக்குக் காசுகூடக் கொடுக்க வேண்டாம். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் பக்கத்திலேயே கிடைக்கின்றன என்பதற்காக அளவில்லாமல் உள்ளே தள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்!

ஒருவர் கையில் இல்லாதவை

எல்லாப் பழக்கத்தையும் ஒருவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் சில விஷயங்கள் அவர் கையில் இல்லை. மூச்சுக் காற்றை யாரும் வீட்டில் காய்ச்சி வடிகட்ட முடியாது. பி.எம். 2.5 என்னும் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தியத் தர அளவு 40. நிலக்கரி எரியும் எந்த ஊருக்கும் இந்த இடைவெளி முக்கியமானது. 2023-இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தின் சுரங்க, அனல்மின் பகுதிகளில் நீரும் மண்ணும் மாசுபட்டிருப்பதாகச் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

சத்தமும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை போடுகின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல், பகல் 55 டெசிபல் என்பது வரம்பு. சட்டமும் எல்லோரும் இரவில்தான் தூங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. காலை பத்து மணிக்குத் தூங்கும் மனிதருக்கு அதில் தனியாக இடம் இல்லை. அவருக்கு இடம் கொடுக்க வேண்டியது அக்கம்பக்கம்தான்.

மாணவர்களுக்கும் இது உண்டு

"எனக்கு ஷிப்ட் கிடையாது" என்று இதைப் படிக்கும் மாணவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. இரவு இரண்டு மணி வரை செல்போன், காலையில் அலாரத்தை நாலு முறை அணைப்பது, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூக்கம். இது சம்பளமில்லாத இரவு ஷிப்ட் அல்லாமல் வேறென்ன? 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அதற்குள்ளாகவே அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்து, வயதானவர்களின் உடம்பைப் போல நடந்துகொண்டது. செமஸ்டர் தேர்வு சமயத்தில் பல அறைகளில் நடப்பது அதே பரிசோதனைதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று 2015-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். தேர்வுக்கு முந்தின இரவுக்கும் அது பொருந்தும்.

முடிவாக

ஆரோக்கியம் தனி மனிதர் பழக்கம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்று ஷிப்ட் ஊரைப் பார்த்தால் அது பாதி உண்மை என்று தெரிகிறது. ஒருவர் நன்றாகத் தூங்க வேண்டுமென்றால், வீட்டில் இருப்பவர்களும் எதிர்வீட்டுக்காரரும் தெருவில் விளையாடும் பிள்ளைகளும் பூக்காரரும் ஸ்பீக்கர் கட்டுபவரும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். வாசலில் 'இரவு ஷிப்ட், பெல் அடிக்க வேண்டாம்' என்று ஓர் அட்டை மாட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை. அந்த அட்டையைப் பார்த்து மெதுவாகக் கதவைத் தட்டவோ, மாலையில் வரலாம் என்று திரும்பிப் போகவோ மனசு இருந்தால் போதும்.

பகல் பதினொரு மணிக்கு ஒரு வீட்டுக் கதவு மூடியிருந்தால், உள்ளே இருப்பவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். முந்தின இரவு உங்கள் வீட்டு விளக்கு எரிந்ததற்கு அவரும் ஒரு காரணமாக இருக்கலாம். கொஞ்சம் தூங்கட்டும்.